மண்ணெடுப்பும் ஆறாட்டும்: உத்ஸவத்தின் இரு முனைகள்

ஸ்ரீ:

சென்ற தை மாதத்தில் நாகர்கோவில் இளைஞர் சிலர் அடியேன் இல்லத்திற்கு வந்தனர். தங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் பிளாஸ்டிக் பொருள்களை விலக்கவேண்டும், கோயில் குளத்தைத் தூய்மை செய்யவேண்டும் என்று அவர்கள் ஒரு விண்ணப்பம் எழுதியிருந்தனர். அதன் தலைப்பில் இடுவதற்குச் சாஸ்த்ர வசனம் ஒன்று தரவேண்டும் என்பது அவர்கள் வேண்டுகோள். அருகில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், "இதெல்லாம் இக்காலத்துப் பேச்சு. உத்ஸவத்திற்கும் இதற்கும் என்ன ஸம்பந்தம்?" என்றார்.

வசனம் ஒன்றைப் பொறுக்கிக் கொடுப்பது எளிது. ஆனால் பெரியவருடைய கேள்வி வசனம் ஒன்றால் தீர்வதன்று. உத்ஸவம் என்பதன் அமைப்பையே ஆராய்ந்து விடை காணவேண்டிய கேள்வி அது. அடியேனுக்குத் தோன்றிய விடையை ஸம்ப்ரதாயம் அறிந்த பெரியோர் திருமுன்பே வைக்கிறேன்.

சுருங்கச் சொன்னால் விடை இதுவே: உத்ஸவம் மண்ணில் தொடங்கி நீரில் முடிகிறது. மண் முளைக்கவேண்டும், நீர் எம்பெருமான் திருமேனி தீண்டுதற்கு உரியதாக இருக்கவேண்டும். இவ்விரண்டும் உத்ஸவத்தின் அங்கங்கள். இவை கெட்டபின் நடுவில் எத்தனை வாஹனங்கள் எழுந்தருளினாலும் உத்ஸவம் இரு முனையும் அறுந்த மாலைபோல் ஆகும்.

1. மண்ணெடுப்பு

ஸ்ரீபாஞ்சராத்ரம், ஸ்ரீவைகானஸம் ஆகிய இரண்டும் உத்ஸவத்தின் முகப்பில் ம்ருத்ஸங்க்ரஹணம், அங்குரார்ப்பணம் என்னும் இரு கர்மங்களை விதிக்கின்றன. மண்ணெடுத்தல், முளையிடுதல் என்று தமிழில் வழங்குவோம். திருமலையில் ப்ரஹ்மோத்ஸவத்திற்கு முந்தின இரவு சேனைமுதலியார் எழுந்தருளி, பூமிப்பிராட்டிக்கு ஆராதனம் நடந்தபின் மண் எடுக்கப்படுவதைப் பலரும் ஸேவித்திருப்பர். அந்த மண்ணைப் பாலிகை முதலிய கலங்களில் நிரப்பி, நவதான்யங்களை விதைத்து, நீர் தெளித்துக் காக்கவேண்டும். ஓஷதிகளுக்கு அதிபதி சந்த்ரன் ஆகையால் இக்கர்மம் இரவில் நடக்கிறது. முளைகள் நிமிர்ந்து செழித்து வளர்ந்தால் சுபம் என்றும், கறுத்தோ வளைந்தோ வந்தால் குறை என்றும், அதற்குச் சாந்தி செய்யவேண்டும் என்றும் தந்த்ர நூல்கள் கூறும்.

நாஞ்சில் நாட்டுப் பெருங்கோயில்கள் பலவற்றில் கேரள தந்த்ர முறையே வழக்கில் உள்ளது. 15ஆம் நூற்றாண்டில் சேந்நாஸ் நாராயணன் நம்பூதிரி இயற்றிய தந்த்ரஸமுச்சயமே அம்முறைக்கு ப்ரமாணமாகக் கொள்ளப்படும் நூல். உத்ஸவங்களை அங்குராதி, த்வஜாதி, படஹாதி என மூன்றாகப் பிரிப்பது அந்நாட்டு வழக்கு. முளை முதலாகத் தொடங்குவது, கொடி முதலாகத் தொடங்குவது, பறை முதலாகத் தொடங்குவது என்பது இவற்றின் பொருள். இம்மூன்றனுள் எல்லா அங்கங்களும் நிறைந்ததாகப் போற்றப்படுவது முளை முதலாகிய அங்குராதியே. கொடி ஏறுவதற்கு முன்னரே விதை மண்ணுக்குள் போய்விடுகிறது.

இதில் ஒன்று கவனிக்கத்தக்கது. கொடியேற்றுவது ஆசார்யர் கையில் உள்ளது. மந்த்ரம் வைதிகர் நாவில் உள்ளது. முளை வருவதோ இவ்விருவர் வசத்திலும் இல்லை. அது மண்ணின் வசத்தில் உள்ளது. அந்த மண்ணை ஊரார் ஆண்டு முழுதும் எவ்வாறு வைத்திருந்தனர் என்பதற்கு, உத்ஸவம் தொடங்குமுன்னரே எம்பெருமான் திருமுன்பில் வைக்கப்படும் சாக்ஷி பாலிகையில் எழும் முளை.

அடியேனுக்குப் பத்துப் பிராயம் இருக்கும்போது, திருத்தகப்பனாருடன் மண்ணெடுக்கச் சென்றது நினைவில் உள்ளது. பழையாற்றங்கரையில் ஒரு வயலின் வரப்பருகே அவர் மண்ணைக் கையில் எடுத்து முகர்ந்து பார்ப்பார். மணம் சரியில்லை என்றால் நாலடி தள்ளி வேறிடம் பார்ப்பார். "மண்ணைக் கேட்டுத்தான் எடுக்கவேண்டும்" என்பார். இன்று பல இடங்களில் செடி விற்கும் கடையிலிருந்து சாக்கில் மண் வருகிறது. முகர்ந்து பார்ப்பாரும் இல்லை, கேட்பாரும் இல்லை.

முளையைப்போலவே கதிரும் நம் நாட்டில் கோயிலுக்குள் வருகிறது. கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகம் விளைந்த நாடு இது. ஆடியில் நிறைபுத்தரிசி நாளன்று வயலில் விளைந்த புதிய நெற்கதிரைக் கட்டாகக் கொண்டுவந்து ஸந்நிதியில் ஸமர்ப்பித்து, பின் அதனை அன்பர்களுக்கு ப்ரஸாதமாகக் கொடுப்பர். அவர்கள் அக்கதிரை வீட்டு வாயிலில் கட்டிவைப்பர். வயல்கள் வீட்டுமனைகளாகக் குறுகிவரும் இந்நாளில், இந்த ஒரு கட்டுக் கதிருக்காகவேனும் ஊர்தோறும் சில வயல்கள் பிழைத்திருக்கவேண்டியுள்ளது.

2. ஆறாட்டு

உத்ஸவத்தின் மறுமுனை அவப்ருதம். வேள்வி செய்த யஜமானன் இறுதியில் பத்னியுடன் நீராடுவது ச்ரௌத வழக்கு. அதுவே திருக்கோயிலில் தீர்த்தவாரி ஆயிற்று. நம் நாட்டில் இதனை ஆறாட்டு என்பர். ஆராட்டு என்று எழுதுவாரும் உளர். ஆற்றில் ஆட்டுவது என்றே நம்மவர் இதற்குப் பொருள் கொள்வர்.

மலைநாட்டுத் திருப்பதிகள் பதின்மூன்றனுள் இரண்டு இன்றைய குமரி மாவட்டத்தில் உள்ளன. ஒன்று நம்மாழ்வார் திருத்தாயார் உடையநங்கையார் அவதரித்த திருவண்பரிசாரம். இன்று அதனைத் திருப்பதிசாரம் என்கிறோம். மற்றொன்று திருவாட்டாறு. ஆழ்வார் இரண்டையும் மங்களாசாஸனம் செய்தருளினார். திருவாட்டாற்றில் பறளியாறு மூன்று பக்கமும் கோயிலை வளைத்து ஓடுகிறது. ஆதிகேசவப் பெருமாள் மூலவர் திருமேனி கடுசர்க்கரை யோகத்தால் ஆனது. ஆகையால் அதற்குத் திருமஞ்சனம் இல்லை. பங்குனியிலும் ஐப்பசியிலும் உத்ஸவம் முடியும் நாளில் உத்ஸவர் மூவாற்றுமுகத்திற்கு எழுந்தருளி ஆறாட்டுக் கண்டருளுகிறார். உள்ளே நீர் தீண்டாத பெருமான், வெளியே ஆற்றைத் தேடி வருகிறார் என்று அனுஸந்திக்க இடமுண்டு.

இங்கே நீரின் வழியைப் பற்றியும் ஒரு செய்தி சொல்லவேண்டும். பறளியாற்றின் மேற்பகுதியில் பழங்காலத்தே ஓர் அணை கட்டி, பாண்டியன் கால் என்னும் கால்வாயால் அந்நீரின் ஒரு பகுதியைப் பழையாற்றுக்குத் திருப்பினர். பின்னர் 1897இல் தொடங்கி 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணை கோதையாற்று நீரையும் நாஞ்சில் நாட்டு வயல்களுக்குக் கொண்டுவந்தது. பழையாறோ திருவண்பரிசாரத்தை ஒட்டி, நாகர்கோவில் ஒழுகினசேரி வழியாகச் சுசீந்திரம் சென்று, மணக்குடியில் கடலோடு கலக்கிறது. ஆகவே திருவாட்டாற்றை வளைத்து ஓடும் ஆற்றின் நீரே கால்வாய் வழியே திருவண்பரிசாரத்துப் பக்கமும் வருகிறது. ஆழ்வார் பாடிய இரு திருப்பதிகளுக்கும் நீர் ஒன்று. மேலே ஒருவன் செய்யும் மாசு கீழே மற்றொரு திருப்பதியின் வாயிலுக்கு வந்து சேரும் என்பதை நாம் மறக்கலாகாது. நகரத்துக் கழிவுநீர் பழையாற்றில் கலப்பது இன்று யாவரும் கண்ணால் காண்பது.

திருவனந்தபுரத்தில் அனந்தபத்மநாபன் ஆண்டுக்கு இருமுறை சங்குமுகம் கடலுக்கு ஆறாட்டுக்கு எழுந்தருளுகிறான். பிற்காலத்தில் அந்த வழியின் குறுக்கே விமானநிலையம் அமைந்தது. அமைந்தபின்னும் ஆறாட்டின் வழி மாறவில்லை. அந்நாளில் சில மணி நேரம் விமானங்கள் நிறுத்தப்பட்டு, ஓடுபாதையின் வழியாகவே எம்பெருமான் கடலுக்குச் செல்கிறான். ஆறாட்டின் வழியைக் காக்க இவ்வளவு செய்யும் நாம், ஆறாட்டு நடக்கும் நீரைக் காக்க என்ன செய்தோம்?

காஞ்சியில் அத்திவரதர் அனந்தஸரஸ் நீருக்குள்ளேயே பள்ளிகொண்டு, 40 ஆண்டுக்கு ஒருமுறை வெளியே ஸேவை ஸாதிக்கிறார். 1939, 1979, 2019 ஆகிய ஆண்டுகளில் அந்த ஸேவை நடந்தது. 2019இல் மீண்டும் அவரை எழுந்தருளப்பண்ணுமுன் அந்தக் குளத்து நீரின் தன்மை குறித்த கேள்வி உயர் நீதிமன்றம் வரை சென்றது. பெருமாள் உறையும் நீர் எப்படிப்பட்டது என்று கேட்பது உலகியல் கேள்வி மட்டும் அன்று. அது கைங்கர்யபரர்கள் முதலில் கேட்டிருக்கவேண்டிய கேள்வி.

3. வயலாகிய கர்ப்பக்ருஹம்

நாகர்கோவில் என்னும் பெயருக்கே காரணமான நாகராஜர் திருக்கோயில் இவ்விஷயத்தில் ஓர் அரிய உதாஹரணம். புல்லறுத்த பெண்ணின் அரிவாள் பட்டு நாகத்தின் தலையில் குருதி வந்தது என்பது அங்கு வழங்கும் ஐதிஹ்யம். மூலஸ்தானத்தில் தளம் இடவில்லை. அங்கே நீர் ஊறும் ஈரமண்ணே உள்ளது. அந்த மண்ணே ப்ரஸாதம். ஆடி முதல் மார்கழி வரை அது கறுத்தும், தை முதல் ஆனி வரை வெளுத்தும் இருக்கும் என்பர். மேலே கூரை ஓலையால் வேயப்பட்டது. ஆண்டுதோறும் ஆடியில் அதனைப் புதுப்பிக்கிறார்கள்.

அந்தக் கோயிலில் கொடிமரம் அனந்தக்ருஷ்ணன் ஸந்நிதிக்கு முன்னே உள்ளது. தைத் திருவிழாவும் தேரும் ஆறாட்டும் அவனுக்கே. நாகத்திற்கும் கருடனுக்கும் பகை என்பதனால் கொடிமரத்தில் கருடனுக்கு மாறாக ஆமை அமைந்துள்ளது. அதே கோயிலின் தூண்களில் சமண தீர்த்தங்கரர் உருவங்களும் உள்ளன. பல ஸமயத்தார் வந்து சென்ற அந்த இடத்தில், எத்தனையோ கட்டடங்கள் கல்லாலும் செம்பாலும் எழுந்தபின்னும், மூலஸ்தானம் மட்டும் ஈரமண்ணும் ஓலையுமாகவே நிற்கிறது. அதனைக் கல்லால் மூட யாருக்கும் துணிவு வரவில்லை. மண்ணை மூடாமல் விடுவதும் ஆராதனமே என்பதற்கு இதனினும் கண்கூடான சான்று நம் ஊரில் வேறில்லை.

4. நிஷேதங்களும் ஓர் ஆக்ஷேபமும்

நீரைக் காக்கும் நிஷேதங்கள் நம் நூல்களில் பல உள. தைத்திரீய ஆரண்யகத்தின் அருண ப்ரச்னம், நீரில் மலமூத்திரம் விடலாகாது, உமிழலாகாது, ஆடையின்றி நீராடலாகாது என்று வ்ரதமாக விதிக்கிறது. தாமரையிலையை மிதிக்கலாகாது, ஆமையை உண்ணலாகாது என்றும் தொடர்கிறது. இவ்வாறு நடப்பவனுக்கு நீர் தீங்கு செய்யாது என்பது அதன் முடிவு. மனுஸ்ம்ருதியின் 4ஆம் அத்தியாயம் மலமூத்திரங்களோடு இரத்தத்தையும் நஞ்சையும் நீரில் விடலாகாது என்று சேர்க்கிறது. அர்த்தசாஸ்த்ரத்தில் நகர நிர்வாகம் பற்றிய பகுதி, புண்யஸ்தலத்திலும் நீர்நிலையிலும் தேவாலயத்திலும் மலம் கழிப்பவனுக்குத் தண்டம் விதித்து, மூத்திரத்திற்கு அதில் பாதி என்கிறது. வேதத்தில் வ்ரதமாக இருந்தது ஸ்ம்ருதியில் ஆசாரமாகவும், அரசநூலில் தண்டமாகவும் வந்திருப்பதைக் காண்க.

இவற்றைக் கொண்டு நம் முன்னோர் இக்காலத்து விஞ்ஞானத்தை எல்லாம் அறிந்திருந்தனர் என்று சொல்ல அடியேன் துணியேன். அவர்கள் கருதியது சுத்தி. நீர் சுத்தமாக இருக்கவேண்டும் என்று அவர்கள் காரணம் பற்றிக் கூறியது நமக்குப் போதும்.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழலாம். அவப்ருதத்திலேயே பொருள்களை நீரில் இடும் வழக்கு உண்டே. ஸோமம் பூசிய பாத்ரங்களும் பிழிந்த சக்கையும் நீரில் விடப்படுகின்றனவே. உத்ஸவ முடிவில் பாலிகை முளைகளையும் நீரில் சேர்க்கிறோமே. பின் எதைத் தடுப்பது? இந்த ஆக்ஷேபம் தள்ளத்தக்கதன்று. விடையும் அதற்குள்ளேயே உள்ளது. அங்கே நீரில் சேர்ந்தவை மரமும் கொடியும் தானியமும். நீர் அவற்றைத் தனதாக்கிக்கொள்ளும், மீன் உண்ணும், எஞ்சியது மண்ணாகும். நீரில் விடுதல் என்னும் கர்மம், விட்ட பொருள் நீரில் கரைவதனால்தான் நிறைவேறுகிறது. கரையாத பொருளை நீரில் போட்டால் அங்கே விஸர்ஜனம் நிகழவே இல்லை, இடமாற்றமே நிகழ்ந்தது.

ப்ரதிமைகளுக்கும் இதுவே ந்யாயம். ஸ்ரீபாகவதம் ஏகாதச ஸ்கந்தத்தில் உத்தவருக்குக் கண்ணன் எட்டு வகைப் ப்ரதிமைகளைக் கூறுகிறான். கல், மரம், உலோகம், பூச்சு, சித்திரம், மணல், மனம், மணி என்பன அவை. பூச்சாலான திருமேனிக்கு நீராட்டம் வேண்டா என்றும் அங்கேயே விதிக்கிறான். பொருளின் இயல்பை அறிந்து உபசாரம் செய்யவேண்டும் என்பது இதனால் தெளிவு. சில நாள் பூஜித்து நீரில் விடும் மண்திருமேனிகளைப் பாரிஸ் சாந்தால் செய்து, இரஸாயன வர்ணம் பூசுவது இந்த விவேகத்திற்கு முரண். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010இல் வெளியிட்டு, 2020இல் திருத்திய நெறிமுறைகள் பாரிஸ் சாந்தையும் தெர்மோகோலையும் விலக்குகின்றன. அரசு சொன்னதால் நாம் அடங்கவேண்டியிருக்கிறது என்று குறைப்படுவோர் உளர். நாம் சொல்லவேண்டியதை அரசு சொல்லவேண்டி வந்ததே என்பதுதான் நம் குறையாக இருக்கவேண்டும்.

5. வரலாற்றின் மறுபக்கம்

பழைய காலத்தைப் புகழ்ந்து முடித்தால் இக்கட்டுரை பாதியே உண்மையாகும். கோயில் ஸம்பந்தமுள்ள குடியில் பிறந்தவன் ஆகையால் மறுபாதியையும் அடியேனே சொல்லக் கடமைப்பட்டவன்.

நீரின் சுத்தியைப் பற்றி நம் முன்னோர் மிகவும் கவலைப்பட்டனர். ஆனால் அக்கவலையின் பெரும்பகுதி மனிதரைத் தடுப்பதில் செலவாயிற்று. இந்த மண்ணில் கோயில் வீதியில் நடக்கும் உரிமைக்காகவே 1926இல் சுசீந்திரத்தில் ஸத்யாக்ரஹம் நடக்கவேண்டியிருந்தது. 1936 நவம்பர் 12ஆம் நாள் ஸ்ரீசித்திரைத் திருநாள் மஹாராஜா வெளியிட்ட ஆலயப் ப்ரவேச விளம்பரத்தின் பின்னரே கோயில்களும் அவற்றைச் சேர்ந்த குளங்களும் எல்லா ஹிந்துக்களுக்கும் திறந்தன. ஒரு மனிதன் தொட்டால் குளம் கெடும் என்று படித்துறைதோறும் காவல் வைத்தவர்கள் நாம். அதே குளத்தில் சாக்கடை வந்து விழுந்தபோது படித்துறையில் ஒருவரும் காவல் நிற்கவில்லை.

அன்று தடுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று பல ஊர்களில் குளத்தில் இறங்கி ஆகாயத்தாமரையை வாரிக் கரையேற்றுகிறார்கள். அடியேன் இல்லத்திற்கு விண்ணப்பத்தோடு வந்த இளைஞருள்ளும் அத்தகையோர் உண்டு. அவர்கள் கையால் தூய்மையான நீரில் எம்பெருமான் ஆறாட்டுக் கண்டருள்வதைவிடச் சிறந்த ப்ராயச்சித்தம் நமக்கு வாய்க்காது.

6. அநுகல்பம் முதற்கல்பம் ஆன கதை

ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். ஊரின் பெயரும் கோயிலின் பெயரும் வேண்டா. சிறிய பெருமாள் கோயில், தொன்மையான குளம். ஆறாட்டுக்கு இரு நாள் முன்பு பார்த்தபோது நீர் தெரியாதபடி ஆகாயத்தாமரை மூடியிருந்தது. ஒரு மூலையில் தெருச்சாக்கடை விழுந்துகொண்டிருந்தது. என்ன செய்வது என்று அடியேனைக் கேட்டனர். குளக்கரையில் பெரிய பாத்திரத்தில் நல்ல நீரை நிரப்பி, கங்கை முதலிய தீர்த்தங்களை ஆவாஹனம் செய்து, அதில் தீர்த்தவாரி நடத்தலாம் என்று சொன்னேன். ஆபத்தில் அநுகல்பம் கொள்வதைச் சாஸ்த்ரம் இசைகிறது. அன்று உத்ஸவம் நிற்காமல் நடந்தது. எல்லாரும் நன்றி சொன்னார்கள்.

மறு ஆண்டும் பாத்திரமே வந்தது. மூன்றாம் ஆண்டு அடியேனை யாரும் கேட்கவில்லை. அதுவே அக்கோயில் வழக்கு என்றனர். உத்ஸவத்திற்கே வேண்டாத குளத்தை ஏன் காக்கவேண்டும்? சில ஆண்டுகளில் அதன் ஒரு பகுதி தூர்ந்தது. இன்று அங்கே திருவிழாவுக்கு வருவோர் வண்டிகளை நிறுத்துகின்றனர். அந்தப் பாத்திரத்திற்கு அநுமதி கொடுத்தவன் அடியேன். முதற்கல்பத்தைச் செய்ய வல்லவன் அநுகல்பத்தால் நடத்தினால் அவனுக்குப் பலன் இல்லை என்று மனுஸ்ம்ருதி 11ஆம் அத்தியாயத்தில் கூறுவதை அடியேன் அன்று அறியாதவன் அல்லன். இந்த ஆண்டு பாத்திரம், அடுத்த ஆண்டுக்குள் குளம் என்று எழுதி வாங்கியிருக்கவேண்டும். அதைச் செய்யாமல் விட்டது அடியேன் குற்றம்.

இதனால் அடியேன் கற்றது ஒன்றுண்டு. திருவிழாவில் மாசு சேர்வது அலக்ஷ்யத்தால் மட்டும் அன்று. நல்லெண்ணத்தோடு கொடுத்த விலக்குகளாலும் சேர்கிறது. ஒரு நாளைக்கு என்று கட்டிய பிளாஸ்டிக் தோரணம், கூட்டம் மிகுந்தது என்று இந்த ஒருமுறை எடுத்த பிளாஸ்டிக் குவளை, நார் கிடைக்கவில்லை என்று பூத்தொடுத்த செயற்கை நூல் ஆகிய எல்லாம் அநுகல்பமாகவே உள்ளே நுழைந்தன. இன்று அவையே முதற்கல்பமாக அமர்ந்துவிட்டன.

7. பட்டர் காட்டிய வழி

"எம்பெருமான் எதையும் ஏற்பவன் ஆயிற்றே, பக்தியே ப்ரதானம், பொருளில் என்ன இருக்கிறது?" என்று கேட்பவருக்கு நம் வ்யாக்யானங்களிலேயே விடை உள்ளது. திருவாய்மொழி முதற்பத்து ஆறாம் திருவாய்மொழியின் முதற்பாசுர ஈட்டில் ஓர் ஐதிஹ்யம் வருகிறது. ஆழ்வார் இன்ன பூ என்று நியமிக்காமல் பொதுவாகச் சொன்னமையால் எந்தப் பூவும் ஆகும் என்று பட்டர் அருளிச்செய்தார். அப்போது நஞ்சீயர், முள்ளுள்ள கண்டகாலிப் பூவைச் சாத்தலாகாது என்று சாஸ்த்ரம் விலக்கியிருக்கிறதே என்று விண்ணப்பம் செய்தார். அதற்குப் பட்டர், அந்தப் பூ எம்பெருமானுக்கு ஆகாது என்று விலக்கவில்லை, பறிக்கும் அடியார் கையில் முள் பாயுமே என்று விலக்கியது என்று நிர்வஹித்தருளினார்.

இந்த நிர்வாஹத்தின் ஆழத்தை நினைக்கவேண்டும். எம்பெருமானுக்கு ஆகாதது என்று ஒன்றில்லை. ஆயினும் ஒரு பொருளை விலக்கவேண்டியிருக்கிறது. அதனால் நோவுபடும் அடியாரை முன்னிட்டு விலக்கவேண்டியிருக்கிறது. பிளாஸ்டிக் மாலையை அவன் ஏற்கமாட்டானோ என்பது கேள்வி அன்று. அதைத் தின்னும் பசுவின் வயிற்றில் அது என்ன செய்யும், பாரிஸ் சாந்து படிந்த குளத்தில் மீன் என்னாகும், சாக்கடை கலந்த தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொள்ளும் குழந்தைக்கு என்னாகும் என்பதே கேள்வி. 2022இல் ராம்ஸார் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம், தேரூர் குளங்களுக்குத் தொலைவிலிருந்து வந்து தங்கும் பறவைகளும் இந்தக் கணக்கில் சேரும். முள் இன்று வேறு கைகளில் பாய்கிறது, அவ்வளவே.

நம் ஸித்தாந்தத்தின் உயிர்நிலையான சரீராத்மபாவமும் இதனையே சொல்கிறது. ப்ருஹதாரண்யக உபநிஷத்தின் அந்தர்யாமி ப்ராஹ்மணம், எம்பெருமானுக்குச் சரீரமானவற்றை வரிசையாகக் கூறும்போது முதலில் மண்ணையும் அடுத்து நீரையும் வைத்தது. உத்ஸவம் தொடங்குவதும் முடிவதும் இவ்விரண்டிலேயே. உத்ஸவத் திருமேனியை அலங்கரித்துவிட்டு, அவனுக்குச் சரீரமாகிய மண்ணிலும் நீரிலும் கழிவைக் கொட்டுவது, திருமுகத்திற்குத் திருமண்காப்புச் சாத்திவிட்டுத் திருவடியில் சேற்றை வீசுவதை ஒக்கும்.

8. செய்யத்தக்கவை

பெரிய திட்டங்கள் வேண்டா. கொடியேற்றத்திற்கு ஒரு மாதம் முன்பே ஆறாட்டு நடக்கும் நீர்நிலையைக் கைங்கர்யபரர்கள் சென்று பார்க்கவேண்டும். கழிவு விழும் வாயை அடைக்க ஊராரையும் அதிகாரிகளையும் அப்போதே வேண்டவேண்டும். மண்ணெடுப்பை உள்ளூர் மண்ணிலேயே நடத்தி, முளையின் தன்மையை ஊரார் அறியச் சொல்லவேண்டும்.

தோரணத்திற்குக் குருத்தோலையும் மாவிலையும் குலைவாழையும் நம் நாட்டில் குறைவில்லை. ப்ரஸாதத்திற்கு வாழையிலையும் தொன்னையும் பாக்குமட்டைத் தட்டும் உள்ளன. தமிழக அரசு 2019 முதல் ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தடைசெய்துள்ளதால், இதில் சட்டமும் நம் பக்கமே நிற்கிறது. தோவாளையின் மாணிக்கமாலை அரளிப்பூவும் நொச்சியிலையும் கொண்டு நாரால் தொடுக்கப்பட்டு, அனந்தபுரம் வரை புகழ்பெற்றது. அதைத் தொடுக்கும் குடும்பங்களுக்கு உரிய விலை கொடுத்தால் செயற்கைப் பூ கோயிலுக்குள் வராது. களைந்த மாலைகளைக் குளத்தில் எறியாமல் நந்தவனத்தில் மக்கவைத்தால், அடுத்த ஆண்டு மண்ணெடுப்புக்கு அந்த மண்ணே உதவும். இவ்வாறு உத்ஸவத்தின் முடிவு மறு உத்ஸவத்தின் தொடக்கத்தோடு சேரும்.

அநுகல்பம் தவிர்க்க முடியாது போனால், அதற்கு ஓராண்டுத் தவணை என்று கோயில் ஏட்டில் எழுதிவைக்கவேண்டும். இதனை அடியேன் அநுபவத்தால் சொல்கிறேன்.

இளைஞர்கள் கேட்ட வசனத்தை அடியேன் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. அதற்கு மாறாக, விண்ணப்பத்தில் ஒரு வாக்யம் சேர்க்கச் சொன்னேன்: ஆறாட்டுக் குளத்திலேயே நடக்கவேண்டும், பாத்திரத்தில் அன்று. பெரியவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். பின், "அப்படியானால் குளத்தை இப்போதே பார்க்கவேண்டுமே" என்றார். மறுநாள் விடியற்காலையில் அவர்தாம் முதலில் குளக்கரைக்கு வந்து சேர்ந்தார்.

இதில் குற்றம் இருப்பின் பெரியோர் பொறுத்துத் திருத்தியருள ப்ரார்த்திக்கிறேன்.